தல்மெய்தா வீட்டுக் கோல்

ஜனவரி 6, சனி

கீழ்வீட்டு மெர்சி வாஸ் தெரு முழுவதும் சொல்லிக்கொண்டிருப்பது தவறு. இறந்துபோன என் கணவரின் பில்லியர்ட்ஸ் கோலை நான் கட்டிலில் பக்கத்தில் கிடத்திக்கொண்டு தூங்குவதில்லை. கோல் அதன் பெட்டிக்குள் இருக்கிறது. பெட்டி இப்போது கட்டிலுக்கு அடியில் இருக்கிறது. தூத்துக்குடி உப்புக்காற்றில் ஒரு பொருளைச் சுவரோடு சாய்த்து வைத்தால் என்ன ஆகும் என்பது மெர்சிக்கும் தெரியும். தினமும் ஒருமுறை திறந்து துடைக்கிறேன். இதற்குப் பெயர் பராமரிப்பு.

கிளப்புக்கு அதைத் தர மறுத்துவிட்டேன் என்றும் சொல்கிறாளாம். மறுக்கவில்லை. பொறுக்கச் சொன்னேன்.

நடந்தது இதுதான். இந்த மாதம் இருபத்தெட்டாம் தேதி கிளப்பின் ஆண்டு விழா. பில்லியர்ட்ஸ் அறையில் ஒரு கண்ணாடிப் பெட்டி வைத்து, அதில் இக்னேஷியஸின் கோலைப் பெயரோடு வைக்கப் போகிறார்கள். என் மகன் ஹியூபர்ட் என்னைக் கேட்காமலே சரி என்று சொல்லிவிட்டான். வியாழக்கிழமை அவன் மனைவி பிரெண்டா அலமாரிக்கு மேலிருந்து பெட்டியை இறக்கும்போது தாழ்ப்பாள் திறந்து கோல் தரையில் விழுந்தது. பிடியில் நகக்கண் அளவுக்குக் கருப்பு உதிர்ந்துவிட்டது. உள்ளே பால் விடாத தேநீரின் நிறத்தில் மரம் தெரிகிறது.

இக்னேஷியஸின் கோலுக்குப் பிடி கருங்காலி. கருங்காலி உள்ளேயும் கருப்பாகத்தான் இருக்க வேண்டும்.

ஜனவரி 8, திங்கள்

சர்க்கரை இருநூற்றுப் பன்னிரண்டு. மெர்சி கொடுத்த வேங்கை மர டம்ளரில் ஊறிய தண்ணீரை மூன்று மாதமாகக் குடித்து வருகிறேன். இன்சுலினை நிறுத்தவில்லை. மெர்சி நம்புவது மரத்தை, நான் நம்புவது மருந்தை. கொடுத்ததைக் குடிக்காமல் இருப்பது மரியாதையல்ல என்பதால் குடிக்கிறேன்.

இரவுச் சாப்பாட்டின்போது ஹியூபர்ட் கேட்டான்: “மம்மி, கனகவேல் நாலு தடவை போன் பண்ணிட்டாரு. ஸ்டிக்க எப்பக் குடுக்கீங்க?” கனகவேல் கிளப்பின் செயலாளர்.

“அது உன் அப்பாவுடையதுதானா என்று தெரிந்த பிறகு.”

“டாடி பேர் போட்ட பெட்டியில இருக்கு. வேற யாரோடதா இருக்கும்?”

வாயில் மீன் முள் இருந்தது.

ஜனவரி 9, செவ்வாய்

வேறு யாருடையதாக இருக்கும் என்பதை முறையாக எழுதி வைக்கிறேன்.

அந்தக் காலத்தில் சனிக்கிழமை மாலைகளில் கிளப்பில் இரண்டு பேர் எப்போதும் சேர்ந்தே ஆடுவார்கள். ஒருவர் இக்னேஷியஸ். துறைமுகத்தில் சரக்கு ஏற்றி இறக்கும் கம்பெனியில் மேலாளர். மற்றவர் துறைமுக இன்ஜினியர் தாணுமூர்த்தி, நாகர்கோவில்காரர். இக்னேஷியஸின் கோல் லண்டனில் செய்தது. ஊருக்குத் திரும்பிய வெள்ளைக்கார மேலாளர் பரிசாகக் கொடுத்துவிட்டுப் போனது. முன்பாகம் ஆஷ் மரம், பிடி கருங்காலி என்று இக்னேஷியஸ் எல்லோரிடமும் சொல்வார். தாணுமூர்த்தியின் கோலுக்கும் முன்பாகம் ஆஷ்தான், சென்னையில் வாங்கியது. பிடியை மட்டும் சொந்த ஊரில் கடைய வைத்துக் கருப்புப் பாலிஷ் போட்டிருந்தார். தூரத்திலிருந்து பார்த்தால் இரண்டும் ஒன்றுபோல இருக்கும்.

இருவருக்கும் ஒரு வழக்கம் உண்டு. கடைசி ஆட்டத்தைக் கோல் மாற்றி ஆடுவார்கள். தோற்றவன் கோலின் மேல் பழி போடக் கூடாது என்பதற்காக. அதைக் கைமாற்று ஆட்டம் என்பார்கள். முடிந்ததும் அவரவர் கோல் அவரவர் பெட்டிக்குத் திரும்பிவிடும்.

தாணுமூர்த்திக்கு விசாகப்பட்டினத்துக்கு மாற்றல் வந்து, அவருக்கு வழியனுப்பு விருந்து நடந்த நாளிலும் கைமாற்று ஆட்டம் நடந்தது. பிறகு மாலை, புகைப்படம், ஒரே கூட்டம். அன்று கோல்கள் திரும்பி மாற்றப்பட்டனவா என்று நான் பார்க்கவில்லை. பெண்கள் அந்த அறைக்குள் போகக் கூடாது. நான் எப்போதும்போல வராந்தாவில் இருந்தேன்.

ஆகவே ஐயம் நியாயமானது.

ஜனவரி 11, வியாழன்

பிரெண்டா விடுப்பு எடுத்து, ஆட்டோவில் என்னைப் பாளையங்கோட்டை ரோட்டு மரக்கடைக்கு அழைத்துப்போனாள். நான் கேட்டுக்கொள்ளவில்லை.

கடைக்காரர் கோலை வாங்கி உதிர்ந்த இடத்தை எச்சில் தொட்டுத் தேய்த்தார். அதை அனுமதித்திருக்கக் கூடாது.

“ஈட்டி மரம்மா இது. பழைய ஈட்டி. இப்பம் கெடைக்காது.”

“எப்படிச் சொல்கிறீர்கள்?”

“நெறத்தப் பாருங்களேன்.”

“நிறத்தை வைத்து ஒன்றையும் முடிவு செய்யக் கூடாது.” சொன்னது நான், வாக்கியம் எனக்குத் தாவரவியல் நடத்திய யூலாலி சிஸ்டருடையது. ஐம்பது பெண்களும் திருப்பிச் சொல்லும்வரை விட மாட்டார்.

“அப்ப ஒரு துண்டு அறுத்து, மெஷின்ல எழைச்சுப் பாத்திருவோமா?”

கோலை அவர் கையிலிருந்து வாங்கிக்கொண்டேன். வேகமாகப் பிடுங்கினேன் என்று பிரெண்டா ஹியூபர்ட்டிடம் சொல்லியிருக்கிறாள்.

ஜனவரி 12, வெள்ளி

கருங்காலி இல்லை என்பது மட்டும் போதாது. இதை ஹியூபர்ட்டுக்கு விளக்கினேன். மலிவான மரத்துக்குக் கருப்பு அடித்துக் கருங்காலி என்று விற்பவர்கள் லண்டனிலும் இருந்திருப்பார்கள். அப்படியிருந்தால் இக்னேஷியஸ் ஏமாந்திருக்கிறார், ஆனால் கோல் அவருடையதுதான். அதைக் கிளப்புக்குக் கொடுத்துவிட வேண்டியதுதான். மரம் வேங்கையாக இருந்தால் மட்டுமே அது தாணுமூர்த்தியின் கோல். அப்போது கிளப்புக்கு அதில் உரிமை இல்லை. அது இந்த வீட்டில் இருக்கும்.

“வேங்கைன்னு ஒங்களுக்கு எப்படித் தெரியும்?”

“அவர் சொல்லியிருக்கிறார்.”

“டாடியா?”

“இல்லை. தாணுமூர்த்தி.”

ஹியூபர்ட் செய்தித்தாளைப் புரட்டினான். பிரெண்டா என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஜனவரி 14, ஞாயிறு

பொங்கல். மெர்சி சர்க்கரைப் பொங்கல் கொடுத்தனுப்பினாள். இரண்டு கரண்டி சாப்பிட்டேன். மூன்று.

ஜனவரி 15, திங்கள்

வேங்கை என்று அவர் எப்போது சொன்னார் என்பதையும் எழுதிவிடுகிறேன், விவரம் முழுமையாக இருக்கட்டும்.

கிளப்பு வராந்தாவில் பிரம்பு நாற்காலிகள் இருக்கும். மற்ற மனைவிமார் சீட்டாடுவார்கள். எனக்குச் சீட்டு பிடிக்காது. பில்லியர்ட்ஸ் அறையின் சன்னல் பக்கமாக உட்கார்ந்து எலுமிச்சை ஜூஸ் குடிப்பேன். உள்ளே பந்துகள் மோதும் சத்தம் கேட்கும். நாளடைவில் சத்தத்தை வைத்தே யார் அடித்தது என்று எனக்குத் தெரிந்தது. இக்னேஷியஸ் பலமாக அடிப்பார். மற்றவர் அடிப்பது ஒரு மேசை இழுப்பறையைச் சாத்துவது போலிருக்கும்.

ஒவ்வொரு ஆட்டம் முடிந்ததும் தாணுமூர்த்தி வாசல்வரை வந்து எனக்குப் பாயின்ட் சொல்வார். “மேடம், தல்மெய்தா தொண்ணூத்தி ஒண்ணு, நான் எம்பத்தி நாலு.” வாசல்படியைத் தாண்ட மாட்டார். விரல்களில் நீலச் சாக்கட்டித் தூள் இருக்கும். நான் சரி என்பேன். இக்னேஷியஸ் வந்து சொன்னதில்லை. வீட்டுக்குப் போய்ச் சொல்லலாமே என்று நினைப்பார், போனதும் மறந்துவிடுவார்.

ஒருநாள் தாணுமூர்த்தி கோலையும் கையில் எடுத்துக்கொண்டு வந்தார். பிடி பளபளவென்றிருந்தது. இதுவும் கருங்காலியா என்று கேட்டேன்.

“வேங்கையாக்கும் மேடம். எங்க பழைய வீட்ட இடிச்சப்போ நெலைக்கால் மிஞ்சிச்சு, அதுல கடைஞ்சது. கருப்பு அடிச்சது தல்மெய்தாவுக்காக்கும். கூட ஆடுதவன் கோல் ஏழைக்கோலா இருந்தா அவருக்குல்லா கொறச்சல்.”

நான் சிரித்தேன். வராந்தாவில் இருந்த எல்லோரும் திரும்பிப் பார்க்கும் அளவுக்கு.

அவ்வளவுதான். அதற்கு மேல் எதுவும் இல்லை, எழுதுவதற்கு.

ஜனவரி 16, செவ்வாய்

காலையில் இன்சுலின் போட்ட பிறகு ஸ்பிரிட் தொட்ட பஞ்சை எறிவதற்கு முன் பிடியின் அடியில் ஓரிடத்தில் துடைத்துப் பார்த்தேன். பஞ்சு கருப்பாக வந்தது. இரண்டாவது பஞ்சும் கருப்பு. மூன்றாவதில் மரம் மஞ்சளும் பழுப்புமாக வெளியே வந்தது. இயற்கையான கருப்பு பஞ்சில் இப்படி வராது. இது சாயம்.

பாதி தெரிந்துவிட்டது. மீதிப் பாதிக்கு என்ன செய்வது என்று தெரியவில்லை. பகல் முழுக்க எதிலும் மனம் நிற்கவில்லை. பீன்ஸ் நறுக்கினேன். பிரெண்டா அவற்றை மறுபடி நறுக்கினாள்.

ஜனவரி 17, புதன்

கண்டுபிடித்துவிட்டேன்.

பதினோரு மணிக்கு மெர்சியின் டம்ளர் தண்ணீரைச் சன்னல் ஓரமாக நின்று குடித்தேன். அதைக் குடிக்கும் முன் கண்ணாடிக் குவளைக்கு மாற்றிக்கொள்வது என் வழக்கம், மர டம்ளரில் வாய் வைக்கப் பிடிக்காது. வெயில் குவளையில் விழுந்தது. தண்ணீர் பழுப்பு, ஆனால் விளிம்பில் மயில் கழுத்து போல ஒரு நீலம். தினமும் பார்ப்பதுதான். மூன்று மாதமாகப் பார்த்துக்கொண்டே குடித்திருக்கிறேன்.

குவளையைக் கீழே வைத்தேன். பெட்டியை இழுத்தேன். உதிர்ந்த இடத்தில், சாயம் படாத உள்மரத்தில், பிளேடால் சீவினேன். கடுகு அளவுச் சீவல்கள், ஒரு சிட்டிகை. இன்னொரு குவளையில் வெந்நீர் ஊற்றிப் போட்டேன். மூடி வைத்துவிட்டு ஜெபமாலை சொல்ல உட்கார்ந்தேன். எத்தனையாவது தேவ ரகசியத்தில் இருந்தேன் என்று எனக்குத் தெரியாது. மாதா மன்னிக்கட்டும்.

பிறகு கருப்புப் பாவாடை ஒன்றைக் குவளைக்குப் பின்னால் பிடித்துக்கொண்டு வெயிலில் பார்த்தேன். தண்ணீர் லேசான தேன் நிறம். ஓரத்தில் அதே நீலம். தண்ணீரில் இந்த நீலம் விடுவது வேங்கையின் அடையாளம்.

இரண்டு குவளைகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தேன். பிரெண்டாவைக் கூப்பிட்டு எதுவும் சொல்லாமல் பார்க்கச் சொன்னேன்.

“ரெண்டும் ஒண்ணுதான மம்மி?”

“நீ நிச்சயமாகச் சொல்கிறாயா?”

“நிச்சயமா. மம்மி, காலைல சாப்பிட்டீங்களா?”

சாப்பிட்டேன். மரம் வேங்கைதான்.

ஜனவரி 18, வியாழன்

நன்றாகத் தூங்கினேன்.

ஜனவரி 20, சனி

முடிவை நேரில் சொல்வதே முறை. ஹியூபர்ட் காரில் கிளப்புக்கு அழைத்துப்போனான். கனகவேல் வாசலுக்கே வந்துவிட்டார்.

“உள்ள வாங்க ஆன்ட்டி. இப்பல்லாம் லேடீஸ் தாராளமா பில்லியர்ட்ஸ் ரூமுக்கு வரலாம். பொம்பளப் பிள்ளைங்கதான் நல்லா ஆடுது.”

முதல்முறையாக உள்ளே போனேன். மேசை நான் நினைத்ததைவிடச் சிறியது. வெளியில் இருந்து கேட்டபோது பெரிய அறை போலத் தோன்றும். சன்னல் வழியாக என் நாற்காலி இருந்த இடம் நன்றாகத் தெரிகிறது. உள்ளேயிருந்து பார்த்தால் அங்கே உட்கார்ந்திருப்பவரின் முகம் முழுவதும் தெரியும். இது எனக்குத் தெரியாது.

கனகவேலிடம் விளக்கினேன். பொறுமையாகக் கேட்டார்.

“ஆன்ட்டி, பெட்டி செஞ்சாச்சு, போகஸ் லைட்டும் மாட்டியாச்சு. ஸ்டிக் வரலைன்னா நான்தான் உள்ள போய் நிக்கணும்.”

“உங்கள் உயரத்துக்குப் பெட்டி போதாது.”

“கண்ணாடிக்குள்ள போனபொறவு எவன் ஆன்ட்டி தண்ணியில ஊறப்போட்டுப் பாக்கப் போறான்? சாயமோ கருங்காலியோ, சார் கடைசிவர இந்த ஸ்டிக்லதான ஆடியிருக்காரு? எங்கப்பாவே பாத்திருக்காரு. அப்ப இது சார் ஸ்டிக்தான?”

அவர் சொன்னதில் தவறு எங்கே என்று எனக்கு உடனே பிடிபடவில்லை. வேறொருவரின் பொருளைத் தல்மெய்தா என்று எழுதி வைக்க நான் சம்மதிக்க மாட்டேன் என்று மட்டும் சொன்னேன். இக்னேஷியஸ் கோட் அணிந்த புகைப்படம் ஒன்றைத் தருவதாக ஒப்புக்கொண்டேன்.

திரும்பும்போது பழைய துறைமுகச் சாலையில் ரயில்வே கேட் சாத்தியிருந்தது. ஹியூபர்ட் இன்ஜினை நிறுத்திவிட்டுச் சிரித்தான்.

“ஒண்ணு மட்டும் எனக்குப் புரியல மம்மி. நீங்க ஸ்பிரிட்டு, பிளேடு, வெந்நீர்னு பத்து நாள் ஆராய்ச்சி பண்ணினீங்க. டாடிக்கு ஒரு ஷாட் போதுமே. என் கிரிக்கெட் பேட்ட எவனாவது மாத்தி வச்சா நான் கையில எடுத்தவொடன சொல்லிருவேன். டாடி எத்தன வருஷம் அதுல ஆடினாங்க. தெரியாமலா இருந்திருக்கும்?”

கேட் திறந்தது. பின்னால் லாரிக்காரன் ஹாரன் அடித்தான்.

ஜனவரி 21, ஞாயிறு

பூசைக்குப் போகவில்லை. முழங்கால் வலி.

ஜனவரி 22, திங்கள்

ஹியூபர்ட் சொன்னது சரி.

கருங்காலிக் கோல் கனமானது. அதைத் தூக்கினால் மணிக்கட்டுக்குத் தெரியும். இக்னேஷியஸ் தன் காப்பிக் கோப்பை மாறினாலே கண்டுபிடிப்பவர். வழியனுப்பு விருந்து முடிந்த அடுத்த சனிக்கிழமையே அவருக்குத் தெரிந்திருக்கும். விசாகப்பட்டினத்துக்கு ஒரு கார்டு போட்டால் போதும், ரயிலில் வந்திருக்கும். போடவில்லை. என்னிடமும் சொல்லவில்லை. அங்கிருந்தவரும் எழுதவில்லை. அவருக்குத் தன் வீட்டு நிலைக்காலைத் தெரியாதா?

இரண்டு பேருக்கும் தெரியும். எனக்கு மட்டும்தான் தெரியாது.

இதையும் எழுத வேண்டும். தாணுமூர்த்தி போன பிறகு இக்னேஷியஸ் துறைமுகத்துப் பையன்கள் யாரோடாவது ஆடுவார். நான் வழக்கம்போல அதே நாற்காலியில் இருப்பேன். ஒரு சனிக்கிழமை, ஆட்டத்தின் நடுவில், அவர் வெளியே வந்தார். கோலைக் கையிலேயே வைத்திருந்தார். வாசல்படியில் நின்று, “நான் அறுபது, அவன் நாப்பத்தி மூணு” என்றார். ஏதோ பாடம் ஒப்பிப்பது போல இருந்தது. எனக்கு எரிச்சலாக இருந்தது. சரி என்றேன். அடுத்த வாரமும் வந்தார். அதன் பிறகு ஒரு வாரமும் தவறவில்லை. கடைசியாக ஆடிய வாரத்தில், மூச்சு வாங்கிய நிலையிலும், கதவைப் பிடித்துக்கொண்டு நின்று சொன்னார்.

வயதானால் ஆண்களுக்குப் பேச்சுத் துணை தேவைப்படுகிறது என்று அப்போது நினைத்தேன்.

இக்னேஷியஸ் உள்ளேயிருந்து என் முகத்தைப் பார்த்திருக்கிறார். மற்றவர் வாசலுக்கு வந்து பாயின்ட் சொன்ன ஒவ்வொரு முறையும் பார்த்திருக்கிறார். அதில் என்ன பார்த்தார் என்பதை இங்கே எழுதப் போவதில்லை. எனக்கு அவரை இப்போது பார்க்க வேண்டும் போலிருக்கிறது. கோட்டுப் புகைப்படத்தை எடுத்து வைத்துக்கொண்டேன். அதில் அவர் வேறெங்கோ பார்க்கிறார்.

ஜனவரி 25, வியாழன்

பிரெண்டா துறைமுக அலுவலகத்தில் கணக்குப் பிரிவில் வேலை செய்கிறாள். இன்று வந்ததும் கைப்பையைக்கூடக் கழற்றாமல் என் அறைக்கு வந்தாள்.

“மம்மி, வைசாக் போர்ட்ல என்கூட டிரெயினிங் எடுத்த பொண்ணு ஒருத்தி இருக்கா. அவகிட்ட பார்க்கச் சொன்னேன். மிஸ்டர் தாணுமூர்த்தி நவம்பர்ல பென்ஷனுக்கு லைஃப் சர்டிபிகேட் குடுத்திருக்காராம். அட்ரஸ் நாகர்கோவில், வடசேரி.”

நவம்பரில் ஒருவர் உயிர்ச் சான்று கொடுத்திருந்தால் ஜனவரியில் இருக்கிறார் என்றுதான் பொருள். பெரும்பாலும்.

“நான் கேட்கவில்லையே” என்றேன்.

“நீங்க கேக்க மாட்டீங்க மம்மி.”

சீட்டை மேசையில் வைத்துவிட்டுப் போனாள். போகும்போது கதவைச் சத்தமில்லாமல் சாத்தினாள். இந்தப் பெண்ணுக்கு வீட்டு வேலை சரியாக வராது என்று இந்த நாட்குறிப்பில் பல முறை எழுதியிருக்கிறேன். அது உண்மைதான். அது மட்டுமே உண்மை என்பது போல எழுதியிருக்கக் கூடாது.

நாகர்கோவில் பஸ்ஸில் மூன்று மணி நேரம்கூட ஆகாது. அவர் இன்னும் விசாகப்பட்டினத்தில் என்றே நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஜனவரி 28, ஞாயிறு

ஆண்டு விழா. புகைப்படத்தின் மேல் விளக்கு விழுந்து கண்ணாடி மின்னியதில் இக்னேஷியஸின் முகம் யாருக்கும் தெரியவில்லை. கனகவேல் நன்றாகப் பேசினார், கொஞ்சம் நீளம். வடையில் உப்பு அதிகம். ஒரு பெண் மேசையில் ஆடினாள். வராந்தாவில் உட்கார்ந்து கேட்டேன்.

ஜனவரி 30, செவ்வாய்

இரண்டு தாள்கள் கிழிந்தன. மூன்றாவது சரியாக வந்தது. நாளைக் காலைத் தபாலில் சேர்க்க பிரெண்டாவிடம் கொடுத்திருக்கிறேன். நகல் இது:

மதிப்பிற்குரிய திரு. தாணுமூர்த்தி அவர்களுக்கு,

நலம். உங்கள் நலத்தைத் துறைமுக ஓய்வூதியப் பதிவின் மூலம் அறிந்தேன். இக்னேஷியஸ் காலமானது உங்களுக்குத் தெரிந்திருக்கும் என்று நினைக்கிறேன்.

உங்கள் வேங்கைக் கோல் எங்கள் வீட்டில் இருக்கிறது. இதைச் சோதித்து உறுதி செய்திருக்கிறேன். பிடியில் ஓரிடத்தில் சாயம் உதிர்ந்திருக்கிறது, இன்னோர் இடத்தில் நானே துடைத்திருக்கிறேன். மற்றபடி நல்ல நிலையில் உள்ளது. என் கணவர் கடைசிவரை அதில்தான் ஆடினார். நீங்கள் போன பிறகு, ஆட்டங்களின் நடுவே வெளியே வந்து எனக்குப் பாயின்ட் சொல்வதையும் அவர் செய்தார். இதை உங்களுக்குத் தெரிவிக்க வேறு யாரும் இல்லை என்பதால் நான் தெரிவிக்கிறேன்.

அவருடைய கருங்காலிக் கோல் உங்களிடம் இருக்க வேண்டும். அதை நான் திருப்பிக் கேட்கவில்லை. உங்களுடையதைத் திருப்பி அனுப்பவும் எனக்கு விருப்பமில்லை. வேண்டுமென்றால் நேரில் வந்துதான் பெற்றுக்கொள்ள வேண்டும்.

நான் அறிய விரும்புவது ஒன்றுதான். அன்று மாலை கோல்கள் தவறிப்போய் மாறினவா, அல்லது நீங்கள் இருவரும் தெரிந்தே மாற்றிக்கொண்டீர்களா? தெரிந்தே என்றால், முதலில் சொன்னது அவரா, நீங்களா? எந்தப் பதிலானாலும் அதை ஏற்றுக்கொள்ளும் வயதில் இருக்கிறேன். மென்மையாகச் சொல்ல வேண்டும் என்று முயல வேண்டாம்.

தொலைபேசியில் எனக்குச் சரியாகக் கேட்பதில்லை. தயவுசெய்து பதிலை எழுத்தில் அனுப்பவும்.

இப்படிக்கு,
திருமதி லியோனி தல்மெய்தா